ஷோர் பாஸில் பார்த்த ஊர்

1978 ஆகஸ்டில் மால்டாவின் கிராண்ட் ஹார்பருக்குள் எங்கள் சரக்குக் கப்பல் நுழைந்தபோது நான் இன்ஜின் ரூமில் நின்றேன். ஜூனியர் இன்ஜினியருக்கு அங்கேதான் இடம். பிரிட்ஜிலிருந்து டெலிகிராப் மணி அடிக்கும். பதில் மணி கொடுத்துவிட்டு நேரத்தை மூவ்மென்ட் புக்கில் எழுத வேண்டும். ஸ்லோ அஹெட், டெட் ஸ்லோ அஹெட், ஸ்டாப், டெட் ஸ்லோ அஸ்டெர்ன். உலகத்தின் அழகான துறைமுக வாயில்களில் ஒன்று என்று பலரும் எழுதியிருக்கும் அந்த வாயில், அன்று எனக்குச் சில மணியோசைகள்தான். மேலே டெக்குக்கு வந்து பார்க்கும்போது கப்பல் டாக்கில் நின்றிருந்தது. இரு பக்கமும் கல் சுவர். அண்ணாந்தால் கொஞ்சம் வானம்.

இந்த முறை பயணிக் கப்பலில், மனைவியோடு, பதினோராவது தளத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அதே வாயிலில் நுழைந்தேன். அப்போதுதான் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வலப்பக்கம் செயின்ட் எல்மோ கோட்டை, இடப்பக்கம் ரிக்காசோலி கோட்டை. எல்மோ பக்கத்து அலைதடுப்புச் சுவரைக் கரையோடு இணைக்கும் இரும்புப் பாலத்தைக் கடந்தோம். அங்கே இருந்த பழைய பாலம் 1941 ஜூலையில் இத்தாலியத் தாக்குதலில் உடைந்து விழுந்தது. எழுபது வருஷம் அந்த இடைவெளி அப்படியே கிடந்து, 2012-இல்தான் புதுப்பாலம் போட்டார்கள். உள்ளே போகப் போக இரு கரையிலும் கோட்டை மதில்கள் உயர்ந்துகொண்டே வந்தன. எல்லாம் அந்தத் தீவிலேயே வெட்டிய சுண்ணாம்புக் கல். வெயில் பட்டதும் இளங்கருப்பட்டியின் நிறம் வந்துவிடும். வெட்டும்போது மெத்தென்று இருந்து, காற்றுப் பட்டபின் மேல்தோல் இறுகும் கல். அதைக் கொண்டுதான் ஓர் ஊரையே கட்டியிருக்கிறார்கள்.

“உங்க கப்பல் எங்கங்க நின்னுச்சு?” என்று மனைவி கேட்டாள். இடப்பக்கம், செங்லேயா என்கிற நாக்கு போன்ற நிலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஓடையைக் காட்டினேன். பிரெஞ்ச் கிரீக் என்று பெயர். அங்கே இப்போது வெள்ளை வெளேரென்று பணக்காரர்களின் பெரிய உல்லாசப் படகுகள் பழுதுபார்க்க நின்றன.

அங்கே இருந்த டாக்யார்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றிச் சொல்ல முடியாது. பிரிட்டிஷ் கடற்படைக்காக இங்கே கட்டிய முதல் டிரை டாக், அதாவது தண்ணீரை இறைத்துவிட்டுக் கப்பலின் அடியைப் பழுதுபார்க்கும் கல் தொட்டி, 1848-இல் வேலைக்கு வந்தது. அதிலிருந்து நூறு வருஷத்துக்கு மேல் ஊரின் அடுப்பு எரிந்ததே டாக்யார்ட் சம்பளத்தில்தான். நான் போன வருஷம் பிரிட்டிஷ்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். 1979 மார்ச் 31-இல் கடைசி ராணுவத்தினரும் கிளம்பினார்கள். கடற்படைக் கப்பல்கள் குறைந்துபோன இடத்தில் எங்களுடையதைப் போன்ற சரக்குக் கப்பல்கள் வந்து நின்றன. ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்தார்கள். காலை சங்கு ஊதியதும் வெல்டிங் வெளிச்சம், நியூமேட்டிக் சுத்தியல், கிரேன் மணி என்று அந்த ஓடை முழுக்க ஒரே இரைச்சல். கப்பலின் அடியில் ஒட்டியிருந்த சிப்பியையும் பாசியையும் ஆட்கள் சுரண்டித் தள்ளுவார்கள். கீழே டாக் தளத்தில் அது குவிந்து, வெயிலில் அழுகி நாறும். அந்த நாற்றத்தோடுதான் மால்டா என் நினைவில் இருக்கிறது. எனக்கு அது கெட்ட நாற்றமாகப் படவில்லை. வேலை நடக்கிற இடத்தின் வாசம் அது.

2004-இல் மால்டா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. நஷ்டத்தில் ஓடிய அரசு டாக்யார்டுக்கு இனி மானியம் தரக்கூடாது என்றானது. 2010-இல் அது முடிவுக்கு வந்து, ஓர் இத்தாலிய நிறுவனத்துக்கு முப்பது வருஷக் குத்தகைக்குப் போனது. 1848-இன் முதல் டாக், கரையோரம் மக்கள் உலாவும் நடைபாதையாகிவிட்டது. ஒரு தொழில் நின்றால் அது நடந்த இடத்தை அழகுபடுத்திவிடுகிறார்கள். அழகுபடுத்தியதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் சங்கு ஊதாத அந்த ஓடையைப் பார்த்தபோது மனசு கனத்தது உண்மை.

கப்பல் பின்டோ துறையில் கட்டப்பட்டது. அப்போது தீவை ஆண்ட வீரத் துறவிகள் சபையின் தலைவரான மகாகுரு பின்டோ 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய சரக்குக் கிடங்குகளின் வரிசை அது. இப்போது சாப்பாட்டுக் கடைகளும் நினைவுப் பொருள் கடைகளும். மீனுக்கு நீலம், தானியத்துக்கு மஞ்சள், காய்கறிக்குப் பச்சை, ஒயினுக்குச் சிவப்பு என்று கதவுக்குக் கதவு நிறம் பூசியிருக்கிறார்கள். அதைத் தாண்டிச் சீக்கிரமே நடந்தோம்.

அன்று இந்த ஊருக்குள் காலடி வைக்க எனக்கு வேண்டியிருந்தது சி.டி.சி. என்கிற கடலாளிப் பதிவுப் புத்தகமும், ஏஜென்ட் டைப் அடித்துக் கொண்டுவந்த ஷோர் பாஸும் மட்டும்தான். கேங்வேயில் நின்ற காவலர் அதைப் பார்த்துத் தலையசைத்தால் ஊர் என்னுடையது. இந்த முறை விசாவுக்காக இரண்டு பேரும் விரல் ரேகை வைத்து, வங்கிக் கணக்கு, ஓய்வூதியத் தாள், வீட்டு வரி ரசீது என்று ஒரு கட்டு காகிதம் கொடுத்து, சென்னையில் காத்திருந்தோம். நாற்பது வருஷம் கடலில் உழைத்துச் சேமித்தவன், ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன் என்பதைக் காகிதத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. இருபத்தைந்து வயதில், பையில் ஒன்றும் இல்லாதபோது, யாரும் அப்படிக் கேட்கவில்லை.

துறையிலிருந்து மேலே தலைநகருக்கு ஏற இப்போது லிஃப்ட் இருக்கிறது. கோட்டை மதிலை ஒட்டி 58 மீட்டர் உயரம் நிற்கிற இரும்புக் கோபுரம். 1905-இல் போட்ட பழைய லிஃப்ட் 1973-லேயே நின்றுவிட்டது. நான் பார்த்தபோது துருப்பிடித்த எலும்புக்கூடாக நின்றது. அதையும் 1983-இல் கழற்றிவிட்டார்கள். 2012 கடைசியில் புதியது வந்தது. அன்று படியேறிப் போனோம். இன்று முட்டிவலிக்காரர்கள் இருவர், அரை நிமிஷத்தில் அப்பர் பராக்கா தோட்டத்தில் நின்றோம். இதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

அந்தத் தோட்டத்தின் வளைவுகளுக்குக் கீழே நின்றால் துறைமுகம் முழுவதும் கண்ணுக்குள் வந்துவிடும். நான் இந்த ஊரை முதலில் தெரிந்துகொண்டது அங்கேதான். தெரியவைத்தவர் டாக்யார்ட் ஃபிட்டர் ஒருவர்.

எங்கள் கப்பலில் கடல்நீர் வால்வுகளைக் கழற்றிச் சீர்செய்யும் வேலை அவருடையது. நாற்பத்தைந்து வயசிருக்கும். பெரிய வால்வின் மூடியைத் தூக்கி, அதன் இருக்கையில் நீலச் சாயம் தடவி, வட்டைப் பொருத்தித் திருப்பிப் பார்ப்பார். சாயம் எங்கே ஒட்டவில்லையோ அங்கே கிரைண்டிங் பேஸ்ட் வைத்து மறுபடி மறுபடி தேய்ப்பார். வட்டம் முழுக்க ஒரே சீராக நீலம் விழுகிறவரை விடமாட்டார். “இது போதுமே” என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, “கடல் இதைப் பார்க்கும்” என்று மட்டும் சொன்னார். மத்தியானம் டாக் சுவரின் நிழலில் உட்கார்ந்து காகிதப் பொட்டலத்தைப் பிரிப்பார். கனமான மேலோடு உள்ள ரொட்டி. அதன் வெட்டுமுகத்தில் தக்காளியை அழுத்தித் தேய்த்துச் சிவப்பாக்கி, ஆலிவ் எண்ணெய் விட்டு, சூரை மீனும் கேப்பர் மொட்டும் வைத்திருப்பார்கள் வீட்டில். பாதியை எனக்குக் கொடுப்பார். கேட்காமலே கொடுப்பார்.

ஆகஸ்ட் 15 அன்று டாக்யார்டுக்கு விடுமுறை. மாதாவின் விண்ணேற்புத் திருநாள். அங்கே சாந்த்தா மரியா என்பார்கள். எங்கள் தூத்துக்குடியிலும் அன்று கோயிலில் பாடல் பூசை நடந்திருக்கும்; நாட்டில் சுதந்திர தினக் கொடி ஏறியிருக்கும். என் கழுத்தில் மாதா சுரூபம் கிடப்பதைப் பார்த்து, நானும் கத்தோலிக்கன்தான் என்று அவருக்குத் தெரியும். “இன்றைக்கு நீ கப்பலில் உட்காரக்கூடாது” என்று சொல்லி அழைத்துப் போனார்.

செங்லேயாவிலிருந்து டைசா என்கிற சின்னப் படகில் கடந்தோம். முன்முனையும் பின்முனையும் நிமிர்ந்து நிற்கும். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று பூசியிருப்பார்கள். படகோட்டி நின்றபடி முன்னோக்கித் துடுப்புத் தள்ளினார். தீவு முழுக்க எங்கெங்கோ வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். திருநாள் வெடி. ஒவ்வொரு சத்தத்துக்கும் மதில்களில் பட்டு எதிரொலி திரும்பி வந்தது. படிகளில் ஏறி, மூச்சிரைக்க அந்தத் தோட்டத்துக்கு வந்ததும் ஃபிட்டர் கைப்பிடிச் சுவரில் ஓர் இடத்தைத் தட்டிக் காட்டினார். “இங்கே நின்றேன். ஒன்பது வயசு” என்றார்.

1941 ஜனவரியில் குண்டு பட்ட விமானந்தாங்கிக் கப்பல் இல்லஸ்ட்ரியஸ், பிரெஞ்ச் கிரீக்குக்குள் வந்து ஒதுங்கியது. அதை அழிக்க ஜெர்மன் விமானங்கள் கொட்டிய குண்டுகளில் செங்லேயா ஊரே இடிந்தது. அவர் வீடும் போனது. குடும்பம் தீவின் உட்பகுதிக் கிராமத்தில் உறவினர் வீட்டுக்கு ஓடியது. அப்பா மட்டும் டாக்யார்டுக்கு வந்து போனார். 1942 கோடையில் தீவுக்கு உணவும் எண்ணெயும் தீர்ந்துகொண்டிருந்தன. அரசு நடத்திய பொதுச் சமையற்கூடங்களில் வரிசையில் நின்று வாங்கிய நீர்த்த குழம்பைப் பற்றிச் சொன்னார். ஆட்டிறைச்சி என்பார்களாம்; ஆடு எது எலும்பு எது என்று தெரியாதாம்.

அந்த ஆகஸ்டில் பதினான்கு சரக்குக் கப்பல்கள் பெரிய போர்க்கப்பல் துணையோடு ஜிப்ரால்டர் வழியாகக் கிளம்பின. ஆப்பரேஷன் பெடஸ்டல் என்று பெயர். வந்து சேர்ந்தவை ஐந்துதான். நான்கு முன்னால் வந்தன. கடைசியாக வர வேண்டியது ஓஹையோ என்கிற எண்ணெய்க் கப்பல். பத்தாயிரம் டன்னுக்கு மேல் எண்ணெய். டார்பிடோ தாக்கி, குண்டு விழுந்து, சுட்டு வீழ்த்தப்பட்ட விமானம் ஒன்று டெக்கிலேயே மோதி, இன்ஜின் செத்து, முதுகு முறிகிற நிலையில் இருந்தது. பென், லெட்பரி என்ற இரண்டு டிஸ்ட்ராயர்களை இரு பக்கமும் கட்டி, மூழ்காமல் தாங்கிக்கொண்டே இழுத்து வந்தார்கள். 1942 ஆகஸ்ட் 15 காலையில் அது இந்த வாயிலில் நுழைந்தது. சாந்த்தா மரியா அன்று.

“டெக் தண்ணீரோடு தண்ணீராக இருந்தது. அலை அதன் மேல் ஏறி இறங்கியது. மதில் முழுக்க ஜனம். முதலில் எல்லோரும் கத்தினார்கள். பக்கத்தில் வந்ததும் சத்தம் நின்றுவிட்டது. என் அப்பா தொப்பியைக் கழற்றினார். நான் அழுதேன். எதற்கென்று தெரியாது” என்றார் ஃபிட்டர். எண்ணெயை வேறு கலங்களுக்கு இறைக்க இறைக்க ஓஹையோ மெல்ல அமர்ந்து, கடைசிச் சொட்டு வெளியேறும்போது அதன் அடிப்பகுதி துறைமுகத் தரையைத் தொட்டது. கப்பலில் வேலை செய்கிறவனுக்கு இதைக் கேட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இன்ஜின் ரூமில் என்னைப்போல ஒருவன் நின்றிருப்பான். அவனுக்கும் வாயில் தெரிந்திருக்காது.

திரும்பும் வழியில் நகர வாயிலருகே ஓபரா அரங்கின் இடிபாட்டைக் காட்டினார். 1866-இல் திறந்த கட்டடம். 1942 ஏப்ரல் 7-இல் குண்டு விழுந்தது. எஞ்சியது அடிமேடையும் சில தூண் அடிகளும்தான். நடுவில் கார்கள் நிறுத்தியிருந்தார்கள். போர் முடிந்து முப்பத்து மூன்று வருஷமாகியும் தலைநகரின் வாசலிலேயே அப்படிக் கிடந்ததைப் பார்த்து நான் வியந்தேன். அவர் வியக்கவில்லை. சாயங்காலம் கடைகள் மூடியிருந்தன, கோயில்கள் பூசைக்கு மட்டும் திறந்திருந்தன. கப்பலுக்குத் திரும்பிவிட்டேன். ஊரின் பழைய வரலாறு எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் அதன் பசியும் பயமும் தெரிந்துவிட்டன.

இன்று எல்லாம் தலைகீழ். அந்தக் கைப்பிடிச் சுவரில் கூட்டமாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எந்த வளைவிலிருந்து எதைப் பார்க்கலாம் என்று கைப்பேசி சொல்கிறது. 1565-இல் நான்கு மாதம் நீடித்த துருக்கிய முற்றுகை, மறு வருஷம் மார்ச் 28-இல் மகாகுரு லா வலெட் இந்தப் புது நகரத்துக்கு அடிக்கல் நாட்டியது, லாபரெல்லி என்ற இத்தாலியப் பொறியாளர் தெருக்களைச் சதுரம் சதுரமாக வகுத்தது, ஒவ்வொரு வீட்டுக்கும் மழைநீர்த் தொட்டி வேண்டும் என்று சட்டம் போட்டது எல்லாம் படித்துக்கொண்டுதான் வந்தேன். தெருமுனையில் நின்றபோது இரு பக்கமும் கடல் தெரிந்து, காற்று நேராக ஓடி வந்தபோது அந்தப் பொறியாளரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. வீடுகளின் மரச் சன்னல் மாடங்கள் பச்சையும் சிவப்புமாகத் தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. பல வீடுகள் விடுதிகளாகிவிட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருபதாயிரத்துக்கு மேல் மக்கள் இருந்த ஊரில் இன்று ஐந்தாறாயிரம் பேர்தான் குடியிருக்கிறார்கள். கப்பல் வந்த நாளில் அவர்களைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஓபரா இடிபாட்டை ரென்ஸோ பியானோ என்ற கட்டடக் கலைஞர் கையில் கொடுத்தார்கள். அவர் அதை மறைக்கவில்லை. பழைய தூண் அடிகளுக்கு நடுவே இரும்புச் சட்டங்களை நிறுத்தி, இருக்கைகள் போட்டுத் திறந்தவெளி அரங்கமாக்கினார். பக்கத்தில் புது நாடாளுமன்றம், 2015-இல் வந்தது. ஊருக்குள்ளேயே இதைப் பிடிக்காதவர்கள் நிறைய என்று கேள்வி. எனக்குப் பிடித்திருந்தது. காயத்தை மூடிவிடாமல் அதன் மேல் உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாம் என்று நினைத்த மனசு நல்ல மனசு. கார் நிறுத்தியிருந்ததைப் பார்த்தவன் நான்.

செயின்ட் ஜான் இணைப் பேராலயம் வெளியே கோட்டை போல மொட்டையாக இருக்கும். உள்ளே நுழைந்ததும் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். சுவர், கூரை, தூண் எல்லாவற்றிலும் பொன்வேலை. ஆனால் அவள் பார்த்தது தரையை.

“என்னங்க, கல்லறை மேலயா நடக்கோம்?”

ஆமாம். சுமார் நானூறு வீரத் துறவிகளின் கல்லறைப் பலகைகள். தரை முழுக்க, ஓர் அடி இடம் விடாமல், பல நிறப் பளிங்கைத் துண்டு துண்டாக வெட்டிப் பதித்திருக்கிறார்கள். எலும்புக்கூடுகள் மணற்கடிகாரம் பிடித்திருக்கின்றன, அரிவாளைத் தோளில் சாய்த்திருக்கின்றன. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். காவலர் ஒருவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்துச் செபக்கூடத்தில்தான் அந்தப் படம். கரவாஜோ 1608-இல் வரைந்தது. ஐந்து மீட்டருக்கு மேல் அகலம். திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படுகிறது. வெட்டி முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வாள் கீழே கிடக்கிறது. கழுத்து முழுசாக அறுபடவில்லை. கொலைகாரன் ஒரு கையால் முடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை முதுகுக்குப் பின்னால் விட்டு இடுப்புக் கத்தியை உருவுகிறான். ஒரு பெண் தட்டை நீட்டிக் குனிந்து நிற்கிறாள், வேலைக்காரி காய்கறிக்கு நிற்பதைப் போல. சிறை அதிகாரி விரலால் தட்டைக் காட்டுகிறான். கிழவி ஒருத்தி மட்டும் இரு கையாலும் தலையைப் பிடித்துக்கொள்கிறாள். வலப்பக்கம் கம்பிச் சன்னலுக்குள் இருந்து இரண்டு கைதிகள் எட்டிப் பார்க்கிறார்கள். படத்தில் பாதி வெறும் சுவர், பழுப்பு இருட்டு. இவ்வளவு பெரிய படத்தில் பாதியைக் காலியாக விடுவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! யோவானின் கழுத்திலிருந்து ஒழுகிய ரத்தத்தின் முனையில் ஓவியன் தன் பெயரை எழுதியிருக்கிறான். அவன் கையெழுத்திட்டதாக நமக்குத் தெரிந்த ஒரே படம் இது.

ரோமில் கொலை செய்துவிட்டு ஓடிவந்தவன் கரவாஜோ. 1607-இல் மால்டா வந்தான், மறு வருஷம் வீரத் துறவிகளின் சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்டான். சில மாதங்களில் சண்டை போட்டுச் சிறைக்குப் போனான், செயின்ட் ஆஞ்சலோ கோட்டையிலிருந்து தப்பி ஓடினான். 1608 டிசம்பர் 1-இல் சபையைக் கூட்டி, இல்லாதவனைப் பெயர் சொல்லி அழைத்து, அழுகிய உறுப்பு என்று சொல்லி வெட்டி எறிந்தார்கள். கூட்டம் நடந்தது இந்தக் கூடத்தில், இந்தப் படத்தின் முன்னால். 1978-இல் இந்தப் படத்துக்கு எதிர்க் கரையில் வாரக்கணக்கில் இருந்திருக்கிறேன். இது இங்கே இருப்பது எனக்குச் சொல்லப்படவே இல்லை. ஓஹையோவைச் சொன்னார்கள். இன்று எல்லோரும் படத்தைச் சொல்கிறார்கள். இரண்டையும் ஒரே மனிதன் கேட்கும்படி வாழ்க்கை எனக்கு அமைந்தது, அதற்காக நான் நன்றியோடு இருக்கிறேன்.

வெளியே வரும்போது பராக்கா பக்கமிருந்து மத்தியானப் பீரங்கி வெடித்தது. ஒரு காலத்தில் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் குரோனோமீட்டரைச் சரிபார்க்கும். நடுக்கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிப்பது அந்தக் கடிகாரத்தை நம்பித்தான். இப்போது பழைய சீருடை அணிந்தவர்கள் பார்வையாளர்களுக்காக வெடிக்கிறார்கள்.

சரிவான ஒரு தெருவின் படிக்கட்டில், நிழல் பார்த்து உட்கார்ந்தோம். வாங்கி வந்த ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தேன். தக்காளி, எண்ணெய், சூரை மீன். மனைவி, “புளி இல்லாத மீன் எனக்கு எறங்காது” என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, இரண்டு படி கீழே உட்கார்ந்திருந்த பையன் திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் சதுரமான பெரிய சாப்பாட்டுப் பை.

“அண்ணாச்சிக்கு எந்த ஊரு? தூத்துக்குடிப் பக்கமா?”

சாத்தான்குளத்துக்குப் பக்கத்துக் கிராமத்துப் பையன். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. இந்தத் தீவில் இன்று கார் ஓட்டுகிறவர்கள், முதியோரைப் பார்த்துக்கொள்கிறவர்கள், கட்டட வேலை செய்கிறவர்கள், ஆஸ்பத்திரி நர்சுகள் என்று பல பேர் நம் பக்கத்திலிருந்து, அதிகமாகக் கேரளத்திலிருந்து வந்தவர்கள். ஏஜென்டுக்குப் பணம் கட்ட வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தானாம். ஓர் அறையில் ஆறு பேர். பெர்மிட்டில் முதலாளி பெயர் இருக்கிறது. அவர் விட்டால் இவனும் ஊருக்கு.

“சாப்ட்டியா எய்யா?” என்று மனைவி ரொட்டியில் பாதியை நீட்டினாள். வாங்கிக்கொண்டான். கோயிலுக்குள் போயிருக்கிறாயா, அந்தப் படத்தைப் பார்த்தாயா என்று கேட்டேன். வாசல் வரைக்கும் எத்தனையோ முறை போயிருக்கிறானாம், பார்சலோடு. “உள்ள போக 15 யூரோ அண்ணாச்சி. ஞாயித்துக்கெழம பூசைக்கு விடுவாங்க, அன்னைக்குத்தான் ஆர்டர் ஜாஸ்தி.” ஃபிட்டரைப் பற்றி அவனிடம் சொன்னேன். டாக்யார்ட் எங்கே என்று கேட்டான். காட்டினேன். அங்கே பணக்காரர்களின் படகுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருக்கிறானாம்.

நான் கப்பலில் இன்ஜினியராக இருந்தவன் என்று தெரிந்ததும் அவன் முகம் மாறியது. தம்பி ஒருத்தன் ஊரில் பாலிடெக்னிக் முடித்திருக்கிறான். கப்பல் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஆள் ஐந்து லட்சம் கேட்கிறானாம். கட்டலாமா?

கட்டக் கூடாது என்றேன். கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கிறவனுக்கு மும்பையில் உள்ள கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். லைசென்ஸ் இருக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் அவர்கள் இணையத்திலேயே இருக்கிறது. லைசென்ஸ் உள்ளவனும் வேலைக்காகப் பையனிடம் காசு வாங்கச் சட்டத்தில் இடமில்லை. முதலில் இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சிப் பள்ளி, பிறகு சி.டி.சி. இதற்கு வெளியே யார் எந்த வழி சொன்னாலும் பையனை எங்காவது நடுக்கடலில் சம்பளமில்லாமல் விட்டுவிடுவான். பார்த்திருக்கிறேன். அவன் அதையெல்லாம் போனில் டைப் அடித்துக்கொண்டான். போதாது என்று தம்பியையே வீடியோவில் கூப்பிட்டு, போனை என் கையில் கொடுத்தான்.

திரையில் அரும்பு மீசை. பின்னால் ஓட்டு வீட்டுத் திண்ணை. சம்பளம் எவ்வளவு என்று கேட்பான் என்று நினைத்தேன். “ஐயா, கப்பல்ல போனா ஊரெல்லாம் பாக்கலாமா?” என்று கேட்டான்.

உள்ளதைச் சொன்னேன். நான் போன காலத்தில் சரக்கு இறக்க ஒரு வாரம், பத்து நாள் கப்பல் நிற்கும். சாயங்காலம் ஊருக்குள் போய்விடுவோம். இப்போது கன்டெய்னர் கப்பல் சில மணி நேரத்தில் சரக்கை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடும். எண்ணெய்க் கப்பல் என்றால் கரையே தெரியாத இடத்தில் குழாயில் கட்டுவார்கள். 2004-இல் துறைமுகப் பாதுகாப்பு விதிகள் இறுகிய பிறகு, கேட்டைத் தாண்டவே சில ஊர்களில் அனுமதி கிடைப்பதில்லை. கரைக்குப் போகும் உரிமை கடலாளிக்கு உண்டு என்று சர்வதேச ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும், கூச்சப்படக் கூடாது. டிரை டாக்குக்குக் கப்பல் போனால் மட்டும் நாள் கிடைக்கும். அப்போது டாக்கில் வேலை செய்கிற ஆட்களோடு பேசு, அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடு, ஊரைக் காட்டச் சொல்லு என்றேன்.

“சரிங்கய்யா. டிரை டாக்கு எத்தன வருசத்துக்கு ஒரு தடவ?” என்று கேட்டான். ஐந்து வருஷத்துக்கு இரண்டு என்று சொல்லி, அவனுடைய பாலிடெக்னிக் மார்க்கைக் கேட்கத் தொடங்கினேன்.